ஒரு மீட்டர் மண்

“மரம் நடுவோம், வாங்க” என்று யாராவது உற்சாகமாக ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மரத்தின் மேல் எனக்கென்ன கோபம்? எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருப்பதில்லை, அதுதான் காரணம். நான் இருப்பது மேற்கு மாம்பலத்தில். எங்கள் தெருவில் வீட்டு மதில் முடிகிற இடத்தில் பேவர் பிளாக் ஆரம்பிக்கும், அது முடிகிற இடத்தில் மழைநீர் வடிகாலின் சிமெண்ட் மூடி, அப்புறம் எதிர்ச்சாரி வடிகால் வரைக்கும் தார். மண் என்று ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் யாராவது கேபிள் பழுதுக்குப் பள்ளம் தோண்ட வேண்டும். இந்தத் தெருவில் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் ஆனால் பேனர் கட்டி, பச்சை வலை போட்ட கூண்டு இறக்கி, பேவர் பிளாக்கில் இரண்டு கல்லைப் பெயர்த்து, அந்த ஓட்டைக்குள் ஒரு கன்றைச் செருகி, நாலு பேர் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மே மாதம் கத்திரி வெயிலில் அது சுள்ளி ஆகிவிடும். அடுத்த ஜூனில் அதே ஓட்டையில் இன்னொரு கன்று.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பசுமை இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல விஷயம், அதோடு சண்டை இல்லை. ஆனால் ஊருக்குள்ளே, ஏற்கெனவே ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிற தெருவில், கன்றுகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் பார்ப்பது சரிப்படாது. முப்பது வருஷமாக நிற்கிற ஒரு புங்கமரம் போய்விட்டால் அதற்குப் பதில் பத்துக் கன்று நட்டோம் என்று சொல்லலாம், ஆனால் அந்த நிழல் திரும்பி வர இன்னொரு முப்பது வருஷம் ஆகும். அதுவும் கன்று பிழைத்தால். அதனால் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நம் ஊருக்குப் புதுக் கன்றைவிட அவசரமாகத் தேவைப்படுவது, இருக்கிற மரத்தின் அடியில் கொஞ்சம் திறந்த மண்.

ஏன் மண், மண் என்று அடித்துக்கொள்கிறேன் என்றால், பள்ளிக்கூடத்தில் வரைந்த படம் நம் எல்லார் தலையிலும் அப்படியே நிற்கிறது. மேலே கிளை பரப்பியிருக்கும், கீழே அதே ஆழத்துக்கு ஆணிவேர் நேராக இறங்கியிருக்கும். வேர்தான் ஆழமாகப் போய்விட்டதே, மேலே சிமெண்ட் போட்டால் என்ன என்று தோன்றுவது இதனால்தான். நிஜத்தில் வளர்ந்த மரத்தின் வேரில் பெரும்பகுதி மேலாக இரண்டு அடிக்குள்ளேயே இருக்கிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் முதல் ஒரு அடியில். பக்கவாட்டில் பார்த்தால் கிளைகளின் நிழல் விழும் வட்டத்தையும் தாண்டிப் போயிருக்கும். வேருக்கும் மூச்சு உண்டு, அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அது மண் துகள்களுக்கு நடுவில் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியில்தான் கிடைக்கும். கீழே போகப் போக அந்த இடைவெளி குறையும், காற்றும் குறையும். அதனால் வேர் மேலேயே மேய்கிறது. நாம் அந்த மேல் அடுக்கை ரோலர் விட்டு இறுக்கி, அதன்மேல் கல் பதிக்கிறோம்.

சென்னைக்குள்ளேயே இந்தக் கதை இடத்துக்கு இடம் மாறும். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கமெல்லாம் மணல், தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும், காற்றும் இருக்கும், ஆனால் சத்து நிற்காது, கோடையில் கன்று சீக்கிரம் வாடும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. எங்கள் மாம்பலம், தியாகராய நகர், அண்ணா நகர் வட்டாரத்தில் களிமண். களிமண்ணில் ஈரம் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அதில் இடைவெளி ஏற்கெனவே குறைவு. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும், கோடையில் அதே மண் வெடித்துக் கல்லாகிவிடும். இதற்கு மேல் பேவர் பிளாக் என்றால் மரம் என்னதான் செய்யும்? வேரைக் கல்லின் அடிப்பக்கத்துக்கே கொண்டுவந்து, கல்லைத் தூக்கித் தள்ளும். உடனே “மரம் நடைபாதையை உடைக்குது” என்று புகார் எழுதுவார்கள்.

இன்னொன்று, சாலை உயர்வது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதில் மாம்பலத்தில் எத்தனையோ பழைய வீடுகளுக்கு வாசல் பள்ளமாகிவிட்டது, எல்லோருக்கும் தெரியும். மரத்துக்கும் அதேதான் நடந்தது, ஆனால் அதை யாரும் கவனிப்பதில்லை. ஆரோக்கியமான மரத்தின் அடியைப் பார்த்தால் தரையோடு சேருகிற இடத்தில் தண்டு விரிந்து, பக்கவேர்கள் பிரிந்து போவது தெரியும். எங்கள் பக்கத்து மரங்களில் பாதிக்கு அது தெரியாது. மின்கம்பத்தை நட்டுவைத்தாற்போல் தண்டு நேராகத் தார்ச்சாலைக்குள் இறங்கும். வேராக இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே தண்டின் பட்டையும் புதைந்து கிடக்கிறது என்று அர்த்தம். பட்டை காற்றில் இருக்க வேண்டியது. ஈரத்தில் புதைந்தால் அழுகும், பூஞ்சை பிடிக்கும், கரையான் ஏறும். வெளியில் இலை பச்சையாகத்தான் இருக்கும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் டெல்லி மரங்களைப் பற்றிய வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் இருக்கிற கான்கிரீட்டை எடுக்க வேண்டும், ஆணி, விளம்பரப் பலகை, கம்பி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்று. ஒரு பெரிய மரத்துக்கு ஒரு மீட்டர் என்பது மிகக் குறைவு, வேர் எங்கெங்கோ போயிருக்கும். ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். எங்கள் குடியிருப்பு வாசலில் பேவர் பிளாக் மாற்ற ஆட்கள் வந்தபோது நான் அந்த உத்தரவை அச்செடுத்துக்கொண்டு போய் மேஸ்திரியிடம் நின்றேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “மேடம், இது டெல்லிக்குத்தானே போட்டிருக்கு?” என்றார். மறுத்துப் பேச முடியவில்லை. அப்புறம் டீ குடித்துக்கொண்டே அவரே விஷயத்தைச் சொன்னார். வேலைக்குக் கூலி சதுர மீட்டர் கணக்கில். மரத்துக்கு விடுகிற ஒவ்வொரு குழியும் பில்லில் குறையும்.

நான் சுற்றுச்சூழல் பேச்சையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டேன். தண்டு வட்டமாக இருக்கிறது, கல் செவ்வகமாக இருக்கிறது, தண்டு வரைக்கும் ஒட்டிப் பதிக்க வேண்டுமானால் ஒவ்வொரு கல்லையும் கட்டர் வைத்து வளைவாக அறுக்க வேண்டும், அதற்குச் சதுரமாக ஒரு குழி விட்டுவிட்டால் கல்லை அறுக்கவே வேண்டாமே என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அந்தப் பக்கம் இருந்த மரங்களுக்கெல்லாம் சதுரக் குழி கிடைத்தது. ஒரு மீட்டர் ஆரம் இல்லை, அதில் பாதிதான், இருந்தாலும் சரி. அடுத்த தெருவில் வேறு ஆள், அங்கே இந்த வாதம் எடுபடவில்லை.

வர்தா புயலைப் பற்றிச் சொல்லாமல் சென்னை மரங்களைப் பற்றிப் பேசவே முடியாது. 2016 டிசம்பர் 12 மதியம் புயல் நகரத்தின் மேலேயே கரை கடந்தது, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது. அடுத்த நாள் காலை தெருவில் இறங்கினால் வெளிச்சம் புதிதாக இருந்தது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை, ஏனென்றால் நாங்கள் வழி அடையாளமாக வைத்திருந்தது மரங்களைத்தான். அதற்கப்புறம் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன விஷயம், “வெளிநாட்டு மரமெல்லாம் விழுந்தது, நாட்டு மரம் நின்றது.” இதில் பாதி உண்மை. மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றை (குல்மோகர்), தென்னமெரிக்கத் தூங்குமூஞ்சி, மஞ்சள் பூப் பூக்கிற பெருங்கொன்றை எல்லாம் நிறைய விழுந்தன. வேகமாக வளர்கிற, கட்டை இளசாக இருக்கிற, கிளையைப் பரப்புகிற ஜாதிகள். ஆனால் தெருவோரங்களில் அதிகமாக நட்டு வைத்திருந்ததே அவற்றைத்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கம் புங்கமும் விழுந்தது, வேம்பும் விழுந்தது. விழுந்த மரத்தின் அடியைப் போய்ப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும். பல மரங்களில் வேர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் வடிகால் சுவர் ஓரமாக வெட்டி மழித்திருந்தது, இன்னொரு பக்கம் ரோட்டின் அடியில் ஜல்லிக்குள் போகாமல் திரும்பி வந்திருந்தது. சிலவற்றில் வேர் பாலித்தீன் பையின் வடிவத்தில் அப்படியே சுருண்டு இருந்தது, நட்டவர் பையைக் கிழித்தாரே தவிர சுருண்ட வேரைப் பிரித்துவிடவில்லை, அது அந்த வட்டத்திலேயே தடித்து, தன்னையே நெரித்துக்கொண்டு, இத்தனை வருஷம் நின்றிருக்கிறது.

கல்யாணப் பந்தலுக்கு நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவார்கள் இல்லையா, பக்கவேர்கள் மரத்துக்குச் செய்வது அந்த வேலைதான். ஒரு பக்கக் கயிற்றை அறுத்துவிட்டால் பந்தல் அன்றைக்கே சாயாது. காற்று வருகிற வரைக்கும் நிற்கும். வடிகாலுக்குத் தோண்டுகிற ஜேசிபி, மரத்திலிருந்து இரண்டடி தள்ளி நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டு போகும்போது அந்தப் பக்கத்துக் கயிறு அத்தனையும் போய்விடுகிறது. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் வடிகால் இல்லாமல் இந்த ஊர் பிழைக்காது என்பது எனக்கும் தெரியும், மாம்பலத்துக்காரியிடம் வந்து வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மரம் இருக்கிற இடத்தில் மட்டும் ஜேசிபியை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டலாம், தடித்த வேருக்குக் கீழே குழாயை நுழைக்கலாம், முடியாத இடத்தில் வடிகாலைக் கொஞ்சம் வளைத்துக் கொண்டுபோகலாம், அதுவும் முடியாவிட்டால் வெட்டின பக்கத்துக்கு ஈடாக மேலே கிளையின் பாரத்தையாவது குறைக்கலாம். 2022 ஜூனில் கே.கே. நகரில் ஓடிக்கொண்டிருந்த கார் மேல் மரம் விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். வடிகாலுக்குத் தோண்டியதால் விழுந்ததா இல்லையா என்று அப்போது பெரிய சர்ச்சை, மாநகராட்சி இல்லை என்றது. அந்த மரத்துக்கு என்ன ஆனது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்கப்புறம் வடிகால் பள்ளத்தின் ஓரம் நின்ற ஒவ்வொரு மரத்தையும் ஜனங்கள் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்து, வெட்டச் சொல்லி மனுக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கம் மின்சாரம் தரைக்கு அடியில் வருகிறது, அது ஒரு வரம் என்று புறநகர்க்காரர்கள் சொல்வார்கள். மரம் மின்கம்பியில் உரசுகிற பிரச்சினை இல்லைதான். ஆனால் கேபிளில் பழுது என்றால் எங்கே என்று தேடித் தேடித் தோண்டுவார்கள், அதில் ஒவ்வொரு முறையும் வேர் போகும். மேலே கேபிள் டிவி, இண்டர்நெட் கம்பி எல்லாம் மரத்தையே கம்பமாக வைத்துச் சுற்றியிருக்கிறார்கள், தண்டு தடிக்கத் தடிக்க அந்தக் கம்பி பட்டைக்குள் புதைந்துகொண்டே போகிறது. பட்டைக்குக் கீழேதான் இலையில் தயாரான சத்து வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் இறுக்கினால் வேர் பட்டினி. கன்றுக்குப் போட்ட இரும்புக் கூண்டைக் கழற்ற மறந்துபோன இடங்களிலும் இதேதான் நடக்கிறது.

சரி, கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டிச் சீராக்குவதற்கு, வருகிறேன். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிற விஷயம் இது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் வாக்கில், மரம் வெட்டுகிறவர்கள் வண்டியோடு வருவார்கள். மழைக்கு முன் கவாத்துச் செய்வது சரியான காரியம், காலமும் சரியான காலம். செய்கிற விதம்தான் சரியில்லை. உச்சியை மொத்தமாக மொட்டையடித்துவிட்டு, கை தடிமனுக்கு நாலைந்து குச்சியை நிற்க வைத்துவிட்டுப் போவார்கள். தெருவே “அப்பாடா, இனி விழாது” என்று நிம்மதியாகும். நடப்பது நேர் எதிர். மொட்டையடித்த மரம் பதறிப்போய், வெட்டுக்குக் கீழே பட்டையை ஒட்டி ஏகப்பட்ட துளிர்களை விடும். நம் வெப்பத்துக்கு இரண்டு மூன்று வருஷத்தில் அவை கனத்த கிளைகளாகிவிடும். ஆனால் ஆரம்பத்திலிருந்து தண்டோடு சேர்ந்து வளர்ந்த கிளைக்கு உள்ளே இருக்கிற பிடிப்பு இவற்றுக்கு இல்லை, மேலாக ஒட்டிக்கொண்டிருக்கிறவை. நடுவில் வெட்டின இடம் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். அடுத்த புயலில் முறிவது அந்தக் கிளைகள்தான்.

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் ஒன்றைத் தெளிவாக்கினார். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. நம் தோலில் வெட்டுப்பட்டால் அந்த இடமே திரும்பச் சரியாகிறது, மரத்தில் அப்படிக் கிடையாது. அது காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதன்மேல் புதுக் கட்டையை வளர்க்கிறது. அடைத்த காயம் மரம் சாகிற வரைக்கும் உள்ளே இருக்கும். ஆக, நாம் போடுகிற ஒவ்வொரு வெட்டும் நிரந்தரம். வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து மரம் அதைச் சுலபமாக அடைக்கும், அல்லது அடைக்க முடியாமல் பொந்து விழும். கிளை தண்டோடு சேருகிற இடத்தில் கொஞ்சம் தடித்து, மடிப்பு விழுந்து ஒரு கழுத்து இருக்கும், கையால் தடவினாலே தெரியும். அந்தக் கழுத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் வெட்ட வேண்டும். கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு மட்டமாக வழித்தால் அடைக்கிற சுவரையே அறுத்துவிட்டோம் என்று அர்த்தம். ஒரு முழம் நீளக் கட்டையாக விட்டாலும் தப்பு, அது காய்ந்து உள்ளே அழுகலைக் கொண்டுபோகும்.

பெரிய கிளை என்றால் மூன்று வெட்டு. முதலில் கழுத்திலிருந்து ஒரு அடி தள்ளி, அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. அப்புறம் அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழுசாக, கிளை விழுந்துவிடும். கடைசியில் மிச்சக் கட்டையைக் கழுத்தை ஒட்டி. அடிவெட்டு இல்லாமல் மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் கிளை தன் பாரத்தில் தொங்கிப் பட்டையைத் தண்டு வரைக்கும் கிழித்துக்கொண்டு இறங்கும். நம் தெருக்களில் முக்கால்வாசி மரங்களில் இந்தக் கிழிசல் தழும்பைப் பார்க்கலாம். வெட்டின இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுவதும் வேண்டாம், அதனால் அழுகல் நிற்காது, சில சமயம் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். வெட்டுகிற அண்ணன்களிடம் இதைச் சொன்னால் கேட்பார்களா என்றால், சிலர் கேட்பார்கள். “அக்கா, எங்களுக்கு இத்தனை மரம்னு கணக்கு, மேல ஏறி நின்னு பாத்துப் பாத்து வெட்ட நேரம் எங்க?” என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. கயிறும் இடுப்புவாரும்கூட ஒழுங்காகக் கொடுக்காமல் ஆளை மரத்தில் ஏற்றிவிட்டு, கழுத்தைப் பார்த்து வெட்டு என்று கீழே நின்று சொல்வது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

ஒரு விஷயம் வெப்ப நாட்டுக்காரர்கள் மறக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதத்தில் மொட்டையடித்தால், இத்தனை வருஷம் நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயிலுக்கு வந்து வெந்துபோகும். மேற்குப் பக்கம் பார்த்த கிளைகளில் பட்டை உரிந்து, வெடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் காய்ந்த கிளையை மட்டும் எடுத்தால் போதும்.

மரத்தின் குளுமையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள், ஒரு மரம் பத்து ஏசிக்குச் சமம் என்பது வரைக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை இலை வழியாக வெளியே விடுகிறது என்று வைத்துக்கொண்டால், மின்சாரக் கணக்கில் 68 யூனிட் வெப்பம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 5 யூனிட் சொச்சம் வெப்பத்தை வெளியே தள்ளும். ஆக, 13 மணி நேரம் ஓடின ஏசிக்குச் சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏசி அந்தக் குளிரை மூடின அறைக்குள் வைத்திருக்கிறது, மரம் தெருவுக்கே பகிர்ந்து கொடுக்கிறது, காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதுவும் சென்னைப் புழுக்கத்தில் ஈரம் கூடினால் நமக்கு இன்னும் கசகசப்புதான். கடலோர ஊரில் மரத்தின் பெரிய உபகாரம் நிழல். தார் மேல் வெயில் நேராக விழாமல் தடுத்தால், ராத்திரி ஒன்பது மணிக்கும் தார் நம் முகத்தில் அனல் வீசாது. இன்னொன்று, வேரில் ஈரம் இல்லாவிட்டால் மரம் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும், அப்போது அந்த 100 லிட்டர் கணக்கும் இல்லை. மறுபடியும் மண்ணுக்கே வந்து நிற்கிறோம்.

என்ன ஜாதி நடலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கு ஏற்கெனவே ஆயிரம் பட்டியல் இருக்கிறது. தெருவுக்குப் புங்கம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும்போது புதுத் தளிர் விட்டு அடர்ந்து நிற்கும், நிழல் தேவைப்படுகிற காலத்தில் நிழல் தரும். குறுகலான இடத்துக்கு மகிழம், கடலோரத்துக்குப் புன்னை, பூவரசு. நெட்டிலிங்கம் நிழலுக்கு ஆகாது. ஆலும் அரசும் தெருவுக்கு வேண்டாம், அவற்றுக்குத் திடல் வேண்டும். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தில் நடு அடிமரம் 1989இல் புயலில் சாய்ந்தே போனது, சுற்றிலும் விழுதுகள் ஊன்றியிருந்ததால் மரம் இன்றைக்கும் இருக்கிறது. விழுது இறங்க இடம் இருந்ததால் பிழைத்தது. கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு ஜாதி வேண்டவே வேண்டாம். குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் அதை நடக்கூடாது என்றே சொல்லிவிட்டன. கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கிற மியாவாக்கி அடர்காடுகள் காலி மனைக்கு நல்லது, பறவைக்கு நல்லது, ஆனால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு அதனால் நிழல் வராது.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு பழக்கம் இருந்தது, ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைப் பிடித்து மரத்துக்கு ஊற்றுவது. வீணாக்காமல் ஊற்றுகிறார்களே என்று பார்த்தால் நல்ல மனசுதான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது. களிமண்ணில் அது போகப் போகத் தங்கும், இலை ஓரம் கருகும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற நீர் உப்பில்லாத நீர், புழுக்கமான நாளில் பல லிட்டர் வரும், ஒரு குழாயைச் சொருகி மரத்தடிக்கு விட்டால் போதும். கன்றுக்குத் தினமும் ஒரு சொம்பு என்பதைவிட வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒரு பெரிய வாளி நிறைய, மெதுவாக, ஆழம் வரை இறங்குகிற மாதிரி. இரண்டு கோடை தாண்டிவிட்டால் அது தானே பார்த்துக்கொள்ளும்.

உதிர்ந்த இலையைப் பற்றி மூன்றாம் மாடி மாமிக்கும் எனக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. “வாசல் குப்பையா இருக்கேம்மா, நாலு பேர் வந்து போற இடம்” என்பார். நான் இலையை மரத்தடிக் குழிக்குள் தள்ளி மூடாக்காகப் போட்டுவிடுவேன், மறுநாள் காலை பெருக்குகிறவர் அள்ளிக்கொண்டு போயிருப்பார். இலை கிடந்தால் மண் காயாது, கீழே மண்புழு வரும், மண் தானே பொலபொலப்பாகும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான். இப்போதைக்கு ஒரு சமரசம்: இலை மேல் கொஞ்சம் தென்னை மட்டைத் துகளைத் தூவிவிட்டால் மாமிக்கு அது தோட்டமாகத் தெரிகிறது, குப்பையாகத் தெரிவதில்லை.

எங்கள் தெருவில் இடமே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு: நடாதீர்கள். இருக்கிற மரம் ஒன்றின் அடியைத் திறந்துவிடுங்கள். பேவர் பிளாக் மணல் மேல்தான் பதித்திருப்பார்கள், ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிட்டால் மற்றவை கையோடு வந்துவிடும். சிமெண்ட் தளம் என்றால் தண்டுக்குத் தூரத்திலிருந்து உடைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள், தண்டை ஒட்டி டிரில் வைத்தால் பட்டை போகும். வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரமே ஆள் வந்து பூசிவிட்டுப் போவார். தெரிகிற வேரை வெட்டாதீர்கள், மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தவும் வேண்டாம், கட்டட இடிபாடு கிடந்தால் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு எருவும் காய்ந்த இலையும் போட்டால் போதும். பெயர்த்த கற்களைத் தூக்கி எறியாதீர்கள். குழியைச் சுற்றி அவற்றைச் செங்குத்தாக நட்டுவைத்தால் பைக் ஏறாது. தெருத் தண்ணீர் ஓடிவருகிற பக்கம் மட்டும் ஒரு கல் அளவுக்கு இடைவெளி விட்டுவிடுங்கள்.